மிளகு தேனீயாக மாறும் இடம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பற்றி எங்கள் ஒலிக்கூடத்தில் ஒரு கதை உலவுகிறது என்பது சென்ற மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே இப்போது வேலை பார்க்கும் சுகன்யாவும் நிஷாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்கக் கொல்லிமலைக்கு வந்திருந்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நிஷாவுக்குத் தலை சுற்றிவிட்டது. வந்ததும் வராததுமாகக் கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே கேட்டாள்.

“மேடம், நீங்க இங்க நிகழ்ச்சி பண்ணப்ப முந்நூறு பேர் மயங்கி விழுந்தாங்களாமே? கலெக்டர் மேடைக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிட்டாராமே?”

முந்நூறு பேர் இல்லை, நூறு பேர்கூட இருக்காது. யாரும் மயங்கவில்லை. கலெக்டர் வரவே இல்லை, அதனால் அவர் எங்கேயும் ஒளிந்திருக்க முடியாது. மேடையும் கிடையாது. இதையெல்லாம் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. நல்ல கதையைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

சுகன்யா வேறொன்று கேட்டாள். “இப்ப கம்ப்யூட்டர்ல தேனீக் கூட்டம்னு டைப் பண்ணா ஒரு நிமிஷத்துல சத்தம் வந்துடுது மேடம். நீங்க மிளகை வச்சு ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டீங்க?”

அதற்கு அவள் காபி குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்பதை என் சொந்தக்காரர்களுக்கு நான் முப்பது வருடம் விளக்கியிருக்கிறேன். ஒருவருக்கும் புரிந்ததில்லை. இசை அமைப்பாளர் என்று சொன்னால் கல்யாண வீட்டில் பாடச் சொல்வார்கள். பாட வராது என்றால் வீணையா, கீபோர்டா என்பார்கள். அதுவும் இல்லை. குழாயில் நீர் சொட்டுவது, கதவு கிறீச்சிடுவது, அரிசி புடைப்பது, ரயில் போன பிறகு தண்டவாளம் முனகுவது. இப்படிப்பட்ட ஒலிகளைப் பதிவு செய்து, வெட்டி, நீட்டி, குறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கேட்பதற்கு ஒரு முழுப் படைப்பாக ஆக்குவதுதான் எங்கள் வேலை. முதலில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்தோம். பிறகு கணினியில். என் மாமனார் ஒருமுறை என் படைப்பு ஒன்றைப் பதினெட்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, எல்லாம் டெஸ்டிங் பண்ணியாச்சு. பாட்டை எப்பப் போடுவ?” என்றார்.

நான் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய், அந்த ஒலிக்கூடத்தில் நாடாக் கிடங்கில் சேர்ந்தேன். மூன்று வருடம் நாடாக்களைச் சுற்றினேன், தூசி தட்டினேன், ஈரம் படாமல் காத்தேன். நான்காவது வருடம் வத்சலா மேடம் கிடங்குக்கு வந்து, “உனக்குக் காது எப்படி?” என்று கேட்டார். “நல்லா கேக்கும் மேடம்” என்றேன். “அதைக் கேக்கல” என்றார். மறுநாளிலிருந்து அவர் பிரிவில் வேலை.

வத்சலா மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குள்ளமான உருவம். எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. இடது மணிக்கட்டில் வாட்ச், வலது கையில் ஸ்டாப் வாட்ச். ஒரு படைப்பைக் கேட்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வெளியே வைப்பார். பிறகு நாற்காலியை ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்காருவார். முகம் சுவரைப் பார்த்திருக்கும். அவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. முடிந்ததும், “இன்னொரு தடவை” என்பார். மறுபடி முடிந்ததும், “இன்னொரு தடவை.” நான் எண்ணியதில் அதிகபட்சம் பதினொன்று. கடைசியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார். அந்த வாக்கியத்தில் நல்லது, மோசம் என்ற சொற்கள் இருக்காது. “நாலாவது நிமிஷத்துல எனக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு” என்று இருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொண்டிருப்போம்.

அவர் அறையில் ‘மாதிரி’ என்ற சொல்லுக்குத் தடை. ஒரு ஒலியைக் கொண்டுபோய், “இது மழை மாதிரி இருக்கு மேடம்” என்றேன், சேர்ந்த புதிதில். “மழை வேணும்னா மழையையே பதிவு பண்ணிட்டு வா. இதுக்கு எதுக்கு இத்தனை பாடு?” என்றார். ஒலி எங்கிருந்து வந்தது என்பதே கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. எது தட்டியது, எது விழுந்தது என்று மனம் தேட ஆரம்பித்தால் காது வேலையை நிறுத்திவிடும் என்பார். அதனால் ஒவ்வொரு ஒலிக்கும் முதல் வேலை, அதன் அடையாளத்தை எடுப்பது. மணியை அடித்துப் பதிவு செய்வோம். பிறகு நாடாவைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, அடி விழும் இடத்தை வெள்ளைப் பென்சிலால் குறித்து, சாய்வாக பிளேடு போட்டு, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிவோம். முன்பகுதி போனதும் மணி மணியாக இருக்காது. ஏதோ காற்று மெல்லத் திறந்துகொள்வதாக இருக்கும். முதல் முறை அதைக் கேட்டதும், வெட்டி எறிந்த துண்டைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்கும் குறைவான நாடாத் துண்டில் ஒரு பொருளின் பெயரே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு கணினி வந்தது. ஒலியை எண்களாக எழுதிக் கொடுத்தால் அது கணக்குப் போட்டு ஒலியாகத் திருப்பிக் கொடுக்கும். நாற்பது வினாடி ஒலிக்கு ஒரு முழு மதியம் கணக்குப் போடும். அதன் மேல் மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் முதல் படைப்பில் ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றி அடித்துவிட்டேன். காலையிலிருந்து கணக்குப் போட்டு, மாலை ஐந்து மணிக்கு அது கொடுத்தது ஒரே ஒரு ‘டிக்’. நாக்கைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகு காட்டி உட்கார்ந்து, அந்த ‘டிக்’கைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவை” என்றார். நான் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பைக் கடித்தேன். நான்கு முறை கேட்டுவிட்டு, “சின்னதா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது என் கணவருக்கு, ஆரோக்கியம் என்பது அவர் பெயர், கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக மாற்றல் வந்தது. சமவெளிக்காரர்கள் பலர் அந்த மாற்றலை மாற்றிக்கொள்ளத்தான் ஓடுவார்கள். இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மாதம் ஒருமுறை போய் வந்தேன். விடுமுறைக் கடிதத்தை நீட்டியபோது மேடம் படித்துவிட்டு, “சும்மா போகாதே, பதிவுக் கருவியை எடுத்துட்டுப் போ” என்றார்.

அப்படித்தான் கொல்லிமலையின் ஒலிகள் எனக்குச் சேர ஆரம்பித்தன. முதலில் பஸ். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் கியரை இறக்கும்போது இன்ஜின் எழுப்பும் உறுமல், ஹாரன், எதிரே வரும் லாரியின் பதில் ஹாரன். எழுபது வளைவுக்கும் ஜன்னல் ஓரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அடுத்து பலாப்பழம் மரத்திலிருந்து விழும் சத்தம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆலத்தூர் நாடு என்ற மலைப் பகுதியில் பொன்னுசாமி என்ற விவசாயியின் மிளகுத் தோட்டத்தில் பெரிய பலா ஒன்று இருந்தது. அதன் அடியில் மைக்கை வைத்துவிட்டு நாலு நாள் காலையும் மாலையும் உட்கார்ந்தேன். நாலாம் நாள்தான் அவர் வந்து கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், தெனமும் இங்கயே குக்கியிருக்கறீங்களே, என்னத்துக்குங்க?”

மலைக்குக் கீழேயிருந்து வரும் படித்த பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான். நான் திருத்தவில்லை. “பழம் விழற சத்தம் வேணுங்க” என்றேன்.

“அது வுழாதுங்களே. நாங்க கவுறு கட்டித்தானுங்க எறக்குவோம். வுழுந்தா ஒடஞ்சி போயிருமில்லீங்க?”

நாலு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கலீங்களே” என்றார்.

பலாப்பழத்துக்கு ஈடாக அவர் எனக்கு மிளகு கொடுத்தார். காய்ந்த மிளகை முறத்தில் மெல்லச் சாய்த்து ஊற்றிக் காட்டினார். ஒவ்வொரு மணியும் மூங்கில்மேல் பட்டு, துள்ளி, மறுபடி பட்டு உருளும் ஒலி. அவர் கை சலிக்கும்வரை பதிவு செய்தேன்.

பொன்னுசாமி மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். பாறையில் தேன் எடுக்கப் போகிறவரும்கூட என்று பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் பல விஷயங்கள் நடந்திருக்காது.

சென்னைக்குத் திரும்பி மிளகு ஒலியைக் கணினியில் ஏற்றினேன். ஒரு மிளகு மணி விழும் ஒலியை மட்டும் தனியே எடுத்து, அதைச் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வைத்தேன். வினாடிக்கு ஐந்து, பத்து என்று வைத்தால் காது ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும். இருபதைத் தாண்டினால் எண்ணுவதை விட்டுவிடும். தட்டல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியாகிவிடும். இருநூறுக்கு மேல் கொண்டுபோனேன். அப்படிப் பல இழைகள், ஒவ்வொன்றையும் மயிரிழை சுருதி விலக்கி, எட்டு ஒலிபெருக்கிகளில் தலைக்கு மேல் வட்டமடிக்க வைத்தேன். ஆறு நிமிடம். அதைச் செய்து முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. பஸ் ஒலிகளும் சேர்ந்த படைப்பு முழுவதற்கும் ‘கொண்டை ஊசி’ என்று பெயர் வைத்தேன்.

மேடம் வழக்கம்போல முதுகு காட்டிக் கேட்டார். ஏழு தடவை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார். “இது மிளகுன்னு யாருக்கும் தெரியாதுல்ல?”

“தெரியாது மேடம்.”

“சரி” என்றார். அந்த ‘சரி’யை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம்கூடச் சொன்னேன்.

ஆலத்தூர் நாட்டில் ஒரு பள்ளிக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். அந்த விழாவில் ‘கொண்டை ஊசி’யை முதன்முதலாக ஒலிக்க வைப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒலி எங்கிருந்து வந்ததோ அந்த மக்கள் முதலில் கேட்கட்டும் என்பது என் ஆசை. மேடமும் மலை ஏறி வந்தார். பள்ளி மைதானத்தைச் சுற்றி எட்டு ஒலிபெருக்கிகள். நாலு பெஞ்சுகள்மேல், நாலு கட்டடத்து வராந்தாவின் கூரைமேல். ஜனங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் நாற்காலிகளில் தலைமையாசிரியர், கல்வி அலுவலர், சுகாதார நிலையத்துக்காரர்கள். மதியம் மூன்றரை மணி. லேசாகப் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

பஸ் பகுதி அமோகமாகப் போனது. வளைவுக்கு வளைவு ஹாரன் கேட்கக் கேட்க சிரிப்பு. “இது காலைல வார வண்டி. அந்த டிரைவருதான் இப்படி மூணு தரம் அடிப்பாரு” என்று ஒருவர் சத்தமாக அடையாளம் சொன்னார். அடையாளத்தை எடுத்துவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன்; மேடத்தின் கொள்கைப்படி அது தோல்வி. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கூட்டத்துக்கு முதுகு காட்டி மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு மிளகுப் பகுதி. நான் அதைத் திடீரென்று பின்புறத்திலிருந்து, கூரைமேல் இருந்த ஒலிபெருக்கிகளில் தொடங்கியிருந்தேன். முதலில் பொன்னுசாமியின் தலை நிமிர்ந்தது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல், மலையில் தேனீயைச் சொல்லும் வழக்கப்படி, “ஈ” என்றார். அவ்வளவுதான். மைதானத்தில் இருந்த மலைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் குப்புறப் படுத்தார்கள். ஆண்கள் துண்டால் தலையை மூடிக்கொண்டார்கள். பெண்கள் பிள்ளைகளை அடியில் போட்டுப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

சமவெளிக்காரர்கள் மட்டும் அப்படியே இருந்தோம். கல்வி அலுவலர் அது ஏதோ மலை வழக்கம், வணக்கம் செலுத்தும் முறை என்று நினைத்து எழுந்து கைகூப்பி நின்றார். நான்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இரண்டு மூன்று வினாடி, என் இசையைக் கண்ணை மூடி முழுமையாக அனுபவிப்பதற்காகத்தான் எல்லாரும் படுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வத்சலா மேடம்தான் முதலில் புரிந்துகொண்டார். செருப்பில்லாமல் மைதானத்தைக் குறுக்கே ஓடிவந்து, என் கையைத் தள்ளிவிட்டு, ஒலியைத் தானே இறக்கினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அமைதியானது. பொன்னுசாமி மெல்லத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். “போயிருச்சுங்க” என்றார்.

நான் மைக்கில், அது தேனீ இல்லை, மிளகு என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. “டீச்சருக்கு பயத்துல ஒண்ணும் புரியல” என்று ஒரு பெரியவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். மறுபடி மிக மெதுவாக, ஒரே ஒரு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள், மைதானமே குலுங்கியது. கல்வி அலுவலர் கைகூப்பி நின்றதை ஒரு பெண் நடித்துக் காட்டினாள். ஆரோக்கியம் ஓடிப்போய் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து, சிராய்த்த முழங்கைகளுக்கெல்லாம் ஊதா மருந்து தடவினார். “உன் கச்சேரிக்கு இனிமே பஞ்சும் சேர்த்து வாங்கணும் போல” என்றார்.

ஆனால் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. மகளை அடியில் போட்டு அணைத்தபடி, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதும் அப்படியே கிடந்தாள். பொன்னுசாமி போய்த் தோளைத் தொட்டார். எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

“என் தம்பி சம்சாரமுங்க, குப்பாயி” என்றார் பொன்னுசாமி. “தம்பி தேனெடுக்கப் போனான். பாறை மேல ஈ சுத்திக்கிச்சு. கவுறை வுட்டுட்டான். ரெண்டு வருசமாச்சுங்க. இவ கீழ நின்னுட்டிருந்தா.”

அதற்குமேல் அன்று மாலை எனக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலை மேடத்திடம் அந்த ஆறு நிமிடத்தையும் வெட்டிவிடப் போகிறேன் என்றேன். அந்த ஆறு நிமிடம் போனால் ‘கொண்டை ஊசி’யில் மீதி இருப்பது பஸ் ஹாரன்தான். ஐந்து மாத வேலை. ஆனாலும் இனி அதை ஒலிக்க வைக்க எனக்கு மனமில்லை.

“நான் வெட்டச் சொல்லமாட்டேன். வைக்கவும் சொல்லமாட்டேன்” என்றார் மேடம். “முதல்ல அந்தப் பொண்ணைப் போய்ப் பார். நீ போய் விளக்கிட்டு உட்காராதே. அவங்க பேசினா கேட்டுட்டு வா.”

குப்பாயி வீட்டுக்கு முன்னால் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். மூன்று கிழங்கு உரித்த பிறகு கேட்டாள்.

“மொளகுதானுங்களா அது?”

“மிளகுதாங்க.”

“அன்னிக்கி நான் கீழ நின்னு கேட்டது இதேதானுங்க. மேல என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியல. சத்தந்தான் கேட்டுது. அப்பறம் அதுவும் நின்னு போச்சு.” இன்னொரு கிழங்கை எடுத்தாள். “மொளகுல எப்படிங்க அந்தச் சத்தம் வரும்?”

பையில் கருவி இருந்தது. எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். முதலில் பொன்னுசாமி முறத்தில் கொட்டிய ஒலி. “மாமன் ஊட்டு மொறம்” என்றாள், யோசிக்காமல். அடுத்து ஒரே ஒரு மணி விழும் ஒலி. பிறகு அதே மணி, கொஞ்சம் வேகமாக. இன்னும் வேகமாக. கருவியில் அந்த வரிசை முழுவதும் இருந்தது, செய்யும்போது சோதித்துப் பார்த்தவை. அவள் முகம் இறுகியது. ஹெட்போனை எடுத்துவிடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“மொதல்ல இருந்து வைங்க.”

வைத்தேன். மறுபடி. மறுபடி. ஆறேழு தடவைக்கு மேல் இருக்கும். கிழங்குகள் அப்படியே கிடந்தன. கடைசியில் ஒரு விரலை உயர்த்தினாள்.

“இங்க. இது வரைக்கும் மொளகு. இங்க வந்ததும் ஈ ஆயிருது.”

நான் கருவியின் திரையில் ஓடிய நேரத்தை என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். இருபத்திரண்டு. வினாடிக்கு இருபத்திரண்டு தட்டல். நாங்கள் புத்தகத்தில் படித்ததை அவள் விரலால் தொட்டுவிட்டாள். இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் விரல் அதே இடத்தில் உயர்ந்தது. கடைசித் தடவை விரலை உயர்த்தும்போது லேசாகச் சிரித்தாள்.

நான் அந்தப் பகுதியை எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னேன்.

“எதுக்குங்க எடுக்கறீங்க? வச்சிக்குங்க. ஆனா பொசுக்குன்னு முதுவுக்குப் பின்னால வுடாதீங்க. மொதல்ல மொளகைக் காட்டுங்க. மொளகுன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சதுக்கு அப்பறம் அது என்னவா ஆனாலும் பயமில்லீங்க. நாம பாத்துக்கிட்டே இருக்கமில்லீங்க?”

கிளம்பும்போது பொன்னுசாமி வழியில் நின்றிருந்தார். அவருக்கும் ஒரு திருத்தம் இருந்தது. “டீச்சர், நீங்க வச்சது கோவமா இருக்கற ஈங்க. அடைல நல்லா இருக்கற ஈ இன்னம் தணிவா, ஒரே சீரா இருக்கும். அதையுங் கொஞ்சம் வைங்களேன். ஈன்னா எப்பவுமே கடிக்கறதுக்குத்தான் வருதுன்னு வெளியூர்க்காரங்க நெனச்சிக்கப் போறாங்க.” எவ்வளவு தணிவு என்று வாயால் பாடிக் காட்டினார். அதையும் பதிவு செய்துகொண்டேன்.

சென்னையில் மூன்று மாதம் திரும்ப வேலை செய்தேன். மிளகு முதலில் மிளகாகவே முறத்தில் விழும். கேட்பவருக்கு முன்னால், கண்ணெதிரே விழுவதுபோல. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கும். குப்பாயி காட்டிய இடத்தைத் தாண்டும்போது அவசரப்படாமல் அங்கேயே நின்று, முன்னும் பின்னும் போய்வரும். மிளகு, ஈ, மிளகு, ஈ. அப்புறம்தான் மேலே எழும்பும். கடைசியில் சுருதி இறங்கி, பொன்னுசாமி பாடிக்காட்டிய தணிவில் வந்து நிற்கும்.

மேடம் கேட்டார். ஐந்து தடவை. பிறகு எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“இதுல மிளகு தெரியுது.”

“ஆமா மேடம்.”

“இத்தனை வருஷமா நான் வேண்டாம்னு சொன்னது அது.”

“ஆமா மேடம்.”

மேடம் ஸ்டாப் வாட்சை முடுக்கினார், நிறுத்தினார், மறுபடி முடுக்கினார். நான் வேலை போய்விட்டதாகவே முடிவு செய்துகொண்டேன். “இருக்கட்டும்” என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பி, முதல் முறையாக ஒலிபெருக்கியைப் பார்த்து உட்கார்ந்து, திரும்பப் போடச் சொன்னார்.

அந்தப் படைப்பு பிறகு பல ஊர்களுக்குப் போனது. கடல் தாண்டியும் போனது. மிளகு மாறும் இடத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டார்கள். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் என் பெயருக்குக் கீழே, ‘கேட்டுத் திருத்தியவர்கள்: குப்பாயி, பொன்னுசாமி, ஆலத்தூர் நாடு’ என்று போட்டோம். அவர்கள் எந்த இசைக் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் விசாரித்துக் கடிதம் எழுதினார். மரவள்ளி விவசாயம் செய்கிறார்கள் என்று மேடமே பதில் எழுதினார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், மறுவருடம், அதே பள்ளி மைதானத்தில்தான் அதை முதலில் ஒலிக்க வைத்தோம். இந்த முறை கூட்டம் அதிகம். கீழே விழுந்து எழுந்த கதையைக் கேட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். சிலர் முன்னேற்பாடாகத் துண்டை மடியில் விரித்து வைத்திருந்தார்கள். குப்பாயி மகளோடு வந்து நடு மைதானத்தில் உட்கார்ந்தாள். அவளைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

மிளகு விழ ஆரம்பித்தது. என் கை ஒலி குறைக்கும் குமிழின்மேலேயே இருந்தது. யாராவது ஒருவர் தலை குனிந்தால்கூட நிறுத்திவிடுவது என்று இருந்தேன். குப்பாயி பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

“மொளகு. இன்னம் மொளகுதான். இருங்க, அசையாதீங்க. இன்னம் மொளகுதான். இப்பப் பாருங்க...”

அவள் விரல் உயர்ந்தது. ஒலி ஈயாக மாறி எழும்பியது. மைதானத்தில் ஒருவர்கூடப் படுக்கவில்லை. எல்லாரும் தலையைத் தூக்கி, அது தங்கள்மேல் வட்டமடிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பாயியின் மகள் தன் விரலையும் தூக்கி வைத்திருந்தாள்.

என் கை தன்னையறியாமல் குமிழைக் கொஞ்சம் இறக்கியிருக்க வேண்டும். குப்பாயி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், சத்தமா வைங்க. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல.”

நான் கூட்டினேன்.